கட்ஆஃப் 175: தரகருக்கு முன்பணம் கொடுப்பதா, கலந்தாய்வு வரை பொறுப்பதா?

குடியாத்தம் நெசவாளி | மே 19

வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 90 பெற்றிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. நானும் மனைவியும் தறியில் உட்காருகிறவர்கள். மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கிறான்.

தேர்வு முடிவு வந்த அன்று மாலையிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. எங்கள் எண் இத்தனை பேருக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. நேற்று ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாராம். 25,000 ரூபாய் முன்பணமும், அசல் மதிப்பெண் பட்டியலும், மாற்றுச் சான்றிதழும் இந்த வாரமே வேண்டுமாம். கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் கணினி இடமெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார். மகள் வேண்டாம் என்கிறாள். மச்சான், மாமா எல்லோரும் கொடுத்துவிடு என்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவள் 6 முதல் 8 வரை அரசு உதவிபெறும் பள்ளி, 9 முதல் 12 வரை அரசு மகளிர் பள்ளி, எல்லாமே தமிழ்வழி. 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டா? நாங்கள் பி.சி. வகுப்பு.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | மே 19

ஐயா, முதல் வேலையாக அந்தச் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

உங்கள் மகளின் கட்ஆஃப் 175. கணிதம் நூற்றுக்கு அப்படியே 88. இயற்பியலும் வேதியியலும் பாதியாகும், அதாவது 42, 45. மொத்தம் 200க்கு 175. இது தரகர் வாசலில் நிற்க வேண்டிய மதிப்பெண் இல்லை.

அந்த மனிதர் பிடித்து வைத்திருக்கும் இடம் நிர்வாக ஒதுக்கீடாகத்தான் இருக்கும். சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சிறுபான்மை நிறுவனமாக இருந்தால் 50 சதவீதம். எஞ்சியவற்றைத்தான் அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டு இடம் உங்கள் மகளுக்குத் தன் மதிப்பெண்ணாலேயே கிடைக்கக்கூடும். அவளுடைய பொருளை அவளுக்கே விற்க வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கட்டணமும் ஒன்றல்ல. 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கணக்குப்படி, அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. அரசுக் கல்லூரியில் இதெல்லாம் பேச்சே இல்லை, மிகக் குறைவு. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கிறவர்களுக்கான முதல் பட்டதாரி சலுகையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் போகிறவர்களுக்குத்தான். தரகர் வழியாகப் போனால் அதுவும் போச்சு.

7.5 சதவீதம் கிடைக்காது. 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் சேராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் 2024 இறுதியில் விரிவாக்கினார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே கேளுங்கள்.

பெயர் வேண்டாம் | மே 20

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

எண் எப்படிப் போனது என்று நெசவாளி அண்ணா கேட்டிருந்தார். ஏப்ரல் முடிந்ததும் எங்கள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். மாணவர் பெயர், ஊர், தந்தையின் கைப்பேசி எண். அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு. கே.வி.குப்பம், பேரணாம்பட்டு, லத்தேரி என்று வெயிலில் அலைந்து வீடு வீடாக ஏறி இறங்குவோம். இலக்கு எட்டாவிட்டால் சம்பளம் இழுபடும். எம்.இ. படித்துவிட்டு ஆள் பிடிக்கும் வேலை.

"இடம் தீர்ந்துவிடும்" என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம். தீர்ந்துவிடும் நிலையில் உள்ள கல்லூரி எதற்காகக் குடியாத்தத்துக்கு ஆள் அனுப்புகிறது என்று ஒருவராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் எதிர்பார்க்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. உண்மையில் கலந்தாய்வு முடியும்போது ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன.

அசல் சான்றிதழ் கேட்பதன் காரணமும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் வாங்கினால் பெற்றோர் மனம் மாறலாம். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் மாற முடியாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைக்கக்கூடாது, வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. விதி இணையதளத்தில் இருக்கிறது, சான்றிதழ் அலுவலகப் பீரோவில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதற்குள் பெற்றோர் சோர்ந்துவிடுகிறார்கள்.

வாணியம்பாடி வியாபாரி | மே 20

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். என் தங்கை மகனுக்குத் தெரிந்த ஒருவர் மூலம்தான் இடம் வாங்கினோம். கட்ஆஃப் 110. படித்தான், இன்று ஓசூரில் நல்ல வேலை. கலந்தாய்வு, இணையதளம், கடவுச்சொல் என்று ஓட எல்லோருக்கும் நேரமும் தெம்பும் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | மே 20

பாய், அந்தப் பிள்ளை படித்து முன்னேறியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் 110க்கும் கலந்தாய்வில் இடம் உண்டு. தெரிந்தவருக்குக் கொடுத்த தொகை இணையத்தில் படிவம் நிரப்பிய கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வகுப்பினருக்கு 250. இணையம் தெரியாதவர்களுக்கென்றே சேவை மையங்கள் வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து பதிவு செய்து கொடுப்பார்கள். மாவட்டவாரியான பட்டியல் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது.

2017 வரை நம் ஊர்க் குடும்பங்கள் கிண்டிக்குப் போய் நேரில் நின்றன. காட்பாடியில் விடியற்காலை ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே நின்று, நொடியில் முடிவெடுக்க வேண்டும். 2018இல் இணையத்துக்கு மாறியது. இப்போது வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்க நாள்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தைத்தான் தரகர்கள் பயமாக மாற்றி விற்கிறார்கள்.

ராணிப்பேட்டை அம்மா | மே 21

அண்ணா, போன ஆண்டு என் மகளுக்கு நானே அலைந்தேன் என்பதால் சொல்கிறேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா என்று ஒவ்வொரு மேசையாக நகரும். ஜூன் முதல் வாரத்தில் போனால் மையத்தில் நிற்க இடம் இருக்காது. பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் படிப்பு விவரமும் கேட்பார்கள். மூத்த பையன் ஐ.டி.ஐ. என்பதால் சிக்கல் இல்லை, அது பட்டம் ஆகாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. இதோடு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் பதிவேற்ற வேண்டும், அதை மறந்தவர்கள் பலர்.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இணையச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் ஊரிலேயே திருமகள் மில்ஸ் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம், ஐம்பது ரூபாய்தான். கணிதம், இயற்பியல் என்று போட்டு வையுங்கள். பொறியியல் கலந்தாய்வு முடிய ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும், கலைக் கல்லூரி சேர்க்கை அதற்கு முன்பே நடந்துவிடும். கையில் ஓர் இடம் இருந்தால் மாமா மச்சானுக்குப் பதில் சொல்லத் தெம்பு வரும்.

பாகாயம் பழைய மாணவன் | மே 21

யாருமே பாகாயத்தைச் சொல்லவில்லையே! வேலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சி.எம்.சி., வி.ஐ.டி. இரண்டுதான். வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனி நுழைவுத் தேர்வு, தனிக் கட்டணம். இந்தக் கலந்தாய்வில் அது வராது. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் விருப்பப் பட்டியலில் அதைத் தேடிக்கொண்டிருப்பார். ஆனால் பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரில் அரசு பொறியியல் கல்லூரி 1990இலிருந்து இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ், கணினி எல்லாம் உண்டு. கட்டிடத்தைப் பார்த்து மயங்க வேண்டிய கல்லூரி இல்லை. கண்ணாடிச் சுவர் கிடையாது. வாங்கும் கட்டணத்துக்கு அங்கே கிடைக்கும் படிப்பு எங்கும் கிடையாது என்பேன்.

175க்கு பி.சி.யில் எந்தப் பிரிவு வரும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும், வகுப்புவாரியாகக் கடைசி இடம் எந்தக் கட்ஆஃபில் போனது என்ற கடந்த ஆண்டுகளின் பட்டியல் சேர்க்கை இணையதளத்திலேயே கிடைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் நமக்குத் தூரமில்லை.

குடியாத்தம் நெசவாளி | மே 22

எல்லோருக்கும் நன்றி. அந்த மனிதரிடம், கூட்டம் இல்லாத கல்லூரியென்றால் எனக்கு எதற்கு, கூட்டம் உள்ள கல்லூரியென்றால் உங்களுக்கு நான் எதற்கு என்று கேட்டேன். தேநீரைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பதிவு செய்துவிட்டோம். முதல் பட்டதாரி விண்ணப்பமும் போட்டாயிற்று.

இருந்தாலும் எனக்குக் கணினிதான் நல்லது என்று தோன்றுகிறது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது? நம் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதை முதலில் போட வேண்டும், பெரிய கல்லூரியை மேலே போட்டால் கோபித்துக்கொண்டு ஒன்றுமே கொடுக்காது என்று கணினி மையத்தில் சொன்னார்களே?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | மே 22

கேட்டீர்களே, இது ஒன்றுதான் இந்த முழு விவகாரத்திலும் தலையாயது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கணினி கோபித்துக்கொள்ளாது. அது செய்வது இவ்வளவுதான். தரவரிசையில் உங்கள் மகளின் முறை வரும்போது அவளுடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மேலே கிடைக்காத ஐம்பது கல்லூரியைப் போட்டிருந்தாலும் அதற்காக ஐம்பத்தொன்றாவதில் அவளுடைய உரிமை குறையாது. அவளுக்குப் பின்னால் தரவரிசையில் நிற்கிறவன் அதே கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும் அவளைத் தாண்டி வாங்க முடியாது.

ஆகவே "கிடைக்கும்" என்பதை மேலே தூக்கி வைப்பதுதான் ஆபத்து. கிடைத்துவிடும்! அதற்குக் கீழே எழுதியது எதையும் கணினி பார்க்காது. அதனால் ஆசையின் வரிசையில் அடுக்குங்கள். யாருடைய ஆசை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, தேர்வு எழுதியவள் ஒருத்திதான்.

கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டுப் பார்க்கட்டுமே, காசா பணமா. நடுவில் கிடைக்கக்கூடியவை. கடைசியில், இதுவும் கிடைக்காவிட்டால் கலைக் கல்லூரியே மேல் என்று அவள் நினைக்கும் எல்லை வரை எழுதுங்கள். அதற்குக் கீழே எழுதாதீர்கள். வேண்டாத கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்த்தால் அது கிடைத்துத் தொலையும்.

பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு. தனியார் கல்லூரி போடுவதாக இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். என்.பி.ஏ. எனும் தேசிய வாரியத்தின் தர அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத் தருவது, கல்லூரிக்கு அல்ல. வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள், எந்தப் பிரிவுக்கு என்று உள்ளே போய்க் கேளுங்கள்.

கணினியா வேறா என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதில் உங்கள் மகள் இருக்கிறாளா?

நெசவாளி மகள் | மே 23

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான்தான் அந்த மகள். அப்பா கைப்பேசியில் எழுதுகிறேன், அவருக்குத் தெரியும்.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் அல்லது எலக்ட்ரிகல் வேண்டும். அண்ணன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தான். அவனுடைய புத்தகங்களை நான்தான் அதிகம் படித்தேன். விசைத்தறியின் மோட்டார் நின்றால் எங்கள் தெருவில் என்னைக் கூப்பிடுகிறார்கள். கணினி பிடிக்காது என்றில்லை. சென்னை விடுதிக்கு ஆகும் செலவை நினைத்தால் படிப்பில் மனம் போகாது. பாகாயம் என்றால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். இதை நான் அப்பாவிடம் சொன்னால், செலவுக்காக ஆசையை விட்டுக்கொடுக்கிறாய் என்று வருத்தப்படுகிறார்.

பாகாயம் பழைய மாணவன் | மே 23

தங்கச்சி, குடியாத்தத்திலிருந்து வந்து படித்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். வேலூர் வந்து பாகாயம் பஸ் பிடிக்க வேண்டும். ஆய்வக நாட்களில் வீடு திரும்ப இருட்டிவிடும், அதை இப்போதே யோசித்து வை. விடுதி பற்றியும் கேட்டு வைத்துக்கொள்.

வாணியம்பாடி வியாபாரி | மே 23

மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற பெண்ணுக்கு நான் எலக்ட்ரிகல்தான் சொல்வேன். கல்விக் கடனும் பாருங்கள், நான்கு லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. தரகர் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

குடியாத்தம் நெசவாளி | ஜூலை 20

மறுபடியும் தொந்தரவு. தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது. பாகாயத்தில் எலக்ட்ரிகல். பட்டியலில் அதற்கு மேலே பாகாயம் எலக்ட்ரானிக்ஸ், பர்கூர் எலக்ட்ரானிக்ஸ், சென்னையில் ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரியின் கணினி அறிவியல் மூன்றும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை என் விருப்பத்துக்காக அவள் சேர்த்தாள். இப்போது ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருப்பதா என்று கேட்கிறது. காத்திருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கலாமே?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் | ஜூலை 20

கிடைக்கலாம். சென்னையும் கிடைக்கலாம். மேல்நகர்வு என்பது நீங்கள் பொறுக்கியெடுப்பது இல்லை. மேலே உள்ளவற்றில் எது காலியாகிறதோ அதற்கு அவளை நகர்த்திவிடுவார்கள். நகர்த்திய அந்த நொடியில் பாகாயம் எலக்ட்ரிகல் வேறொருவருக்குப் போய்விடும். ஐயோ வேண்டாம், பழையதே போதும் என்று திரும்ப முடியாது. பூட்டிய பட்டியலில் சென்னையை இப்போது அழிக்கவும் முடியாது.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால் சேவை மையத்தில் கெடுவுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். சேர்வது என்றால் கல்லூரிக்கே போய்க் கட்ட வேண்டும். இரண்டில் எதையும் செய்யாமல் விட்டால் இடம் ரத்து. இரவு பதினோரு மணி வரை இழுக்காதீர்கள், இணையதளம் அந்த நேரத்தில் தறியைவிட மெதுவாக ஓடும்.

சென்னைக்குப் போக அவள் தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால் காத்திருங்கள். இல்லையென்றால் சேர்ந்துவிடுங்கள்.

நெசவாளி மகள் | ஜூலை 20

ஐயா, "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்" என்பதை அழுத்திவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அழுத்தும்போது எதுவும் சொல்லவில்லை, பிறகு கடைக்குப் போய் பாதுஷா வாங்கிவந்தார்.

குடியாத்தம் நெசவாளி | ஜூலை 23

கட்டணம் கட்டியாயிற்று. முதல் பட்டதாரி சலுகை போக ரசீதில் இருந்த தொகையைப் பார்த்து, இவ்வளவுதானா என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். இவ்வளவுதான் என்றார். பாகாயம் எலக்ட்ரானிக்ஸ் அந்தச் சுற்றின் மேல்நகர்வில் ஒருவருக்குக் கிடைத்ததாக மகள் சொன்னாள். மச்சான் அதையே சொல்லிக் குத்திக்காட்டுகிறார். அவள் கண்டுகொள்ளவில்லை.

சேர்க்காடு எல்லை | ஜூலை 24

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என் தம்பி மகன் 8 முதல் 10 வரை சித்தூரில் படித்தான், 11, 12 காட்பாடியில். பூர்வீகம் தமிழ்நாடுதான். துணைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது இட ஒதுக்கீடு கிடைக்குமா?

ராணிப்பேட்டை அம்மா | ஜூலை 24

8 முதல் 12 வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். இ-சேவையில் இன்றைக்கே போடுங்கள். தாத்தா காலத்துப் பத்திரம், குடும்ப அட்டை எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் பதிவு செய்யாதீர்கள்.

சேர்க்காடு எல்லை | ஜூலை 24

பத்திரம் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அவரோடு நாங்கள் பேசுவதில்லை. சரி, போகிறேன்.